வரைபடம் பட்டறைக்குப் போக வேண்டும்: பொறியியல் மாணவர்களுக்கு வடிவமைப்பைக் கற்பிக்க ஒரு வழிகாட்டி

இயந்திரவியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஒரு கியர்பாக்ஸைக் கணினித் திரையில் முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டுவார். அதன் ஷாஃப்டில் பேரிங்கை எவ்வளவு இறுக்கமாக ஏற்றுவது, தேய்ந்த பிறகு அதை எந்தப் பக்கமாகக் கழற்றுவது, அந்த வேலைக்கு எந்தக் கருவி உள்ளே நுழையும் என்று கேட்டால் பதில் வராது. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் குறைப்படுவது இந்த இடத்தில்தான். மாணவருக்கு மென்பொருள் தெரியாமல் இல்லை. தாம் வரைந்ததை வேறொருவர் செய்யப்போகிறார், இன்னொருவர் பயன்படுத்தப்போகிறார், மூன்றாமவர் பழுது பார்க்கப்போகிறார் என்ற எண்ணத்தோடு முடிவெடுக்கும் பழக்கம் அவருக்கு வகுப்பறையில் ஏற்படவில்லை.

அந்தப் பழக்கத்தை ஏற்படுத்த வேலூர் வட்டாரக் கல்லூரிகளுக்கு உள்ள வசதி பல ஊர்களுக்கு இல்லை. பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் ஏதேனும் ஒரு தொழிற்கூடம் உண்டு. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவித் தொழிற்சாலையும் சிப்காட் வளாகமும், ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைகளும், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகளும், குடியாத்தத்தில் கைத்தறியும் தீப்பெட்டித் தொழிலும், ஆற்காட்டைச் சுற்றி அரிசி ஆலைகளும், இவை எல்லாவற்றுக்கும் உதிரிபாகம் செய்துகொடுக்கும் எண்ணற்ற லேத் பட்டறைகளும் இருக்கின்றன. ஆசிரியர் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றுதான்: மாணவர் வரையும் ஒவ்வொரு வரைபடமும், வரைந்தவர் அல்லாத ஒருவர் கைக்குப் போக வேண்டும், அவர் அதை மட்டும் பார்த்து எதையாவது செய்ய வேண்டும். கீழே சொல்லப்படுபவை எல்லாம் இந்த விதியை ஒரு பருவத்துக்குள் நடைமுறைப்படுத்தும் வழிகள்.

சிக்கலைத் தேடிப் போவது

மாணவர்களிடம் தலைப்பு கேட்டால் இணையத்தில் கிடைக்கும் தலைப்புதான் வரும். சிலர் நகரத்தில் உள்ள ப்ராஜெக்ட் சென்டரில் செய்து முடித்த பொருளையே விலைக்கு வாங்கி வருவார்கள். இதைத் திட்டிப் பயனில்லை. வாங்க முடியாத தலைப்பைக் கொடுப்பதே தீர்வு, அப்படிப்பட்ட தலைப்பு குறிப்பிட்ட ஓர் ஆலையின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டுமே இருக்கும்.

ஆலைக்குச் செல்லும் ஆசிரியர் முதலாளியிடம் "உங்களுக்கு என்ன சிக்கல்?" என்று கேட்டால், மின்கட்டணம், ஆள் பற்றாக்குறை, ஏற்றுமதிச் சந்தை என்று பேச்சு வேறு திசையில் போய்விடும். மேற்பார்வையாளரிடமும் ஃபிட்டரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. போன மாதம் எந்த இயந்திரம் நின்றது? எந்த உதிரிபாகத்தை அடிக்கடி மாற்றுகிறீர்கள்? எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதற்காகவே ஓர் ஆளை வைத்திருக்கிறீர்களா? இவற்றோடு, பழைய இரும்புக் குவியலையும் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். ஒரே பாகம் ஒரே இடத்தில் உடைந்து பத்துப் பதினைந்து கிடந்தால், அந்தப் பருவத்துக்கான தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

தலைப்பின் அளவையும் ஆசிரியரே கட்டுப்படுத்த வேண்டும். பாலாற்று மாசை ஒழிப்போம் என்று கிளம்பும் குழு ஒவ்வோர் ஆண்டும் இருக்கும். தோல் கழிவுநீர் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இயங்கி, அதன் பிறகும் தீராமல் தொடரும் விவகாரம் அது. நான்கு மாணவர்கள் ஒரு பருவத்தில் தொடக்கூடியது அதற்குள் இருக்கும் ஒரு பம்பின் சுழலும் இணைப்பை மூடும் காப்புத் தகடு, ஒரு சல்லடையைக் கழற்றிக் கழுவும் ஏற்பாடு போன்ற சிறு பகுதிதான். ஆர்வத்தைக் குறைக்கிறோமே என்று ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை. செய்து முடித்துப் பயன்பாட்டில் இருக்கும் ஒரு காப்புத் தகடு, முடியாத பெரிய கனவைவிட மாணவருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

பாதுகாப்பு பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோல் பதனிடும்போது முடி நீக்கும் கட்டத்தில் சோடியம் சல்பைடு பயன்படுவதால், அந்தக் கழிவு அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். கழிவுத் தொட்டியில் இறங்கியவர்கள் மயங்கி இறந்த நிகழ்வுகள் இந்த வட்டாரத்தில் நடந்திருக்கின்றன. மாணவர்கள் எந்தக் குழிக்குள்ளும் மூடிய தொட்டிக்குள்ளும் தலையை நீட்டக்கூடாது என்பதை எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் பெற்ற பிறகே அழைத்துச் செல்ல வேண்டும். படம் எடுப்பதற்கான அனுமதியையும் அதே தாளில் கேட்டுவிடுவது நல்லது.

விருப்பத்தை அளவாக மாற்றுவது

ஒரு பருவத்தின் முதல் மூன்று வாரங்களை இதற்கே ஒதுக்கலாம். பெரும்பாலான வகுப்புகள் இதை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகின்றன, பிறகு எல்லாக் குழப்பமும் இங்கிருந்தே வருகிறது.

எடுத்துக்காட்டாக, உப்பிட்ட ஈரத்தோல்களைக் கிடங்கிலிருந்து அவற்றைப் பதனிடும் டிரம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆலையில் சொல்லப்படுவது "வண்டி லேசாக நகர வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது" என்ற அளவில்தான் இருக்கும். மாணவர்கள் அதை அளக்கக்கூடிய சொற்றொடர்களாக மாற்ற வேண்டும்: ஒரு முறைக்கு எத்தனை கிலோ, எத்தனை பேர் தள்ளுகிறார்கள், கதவின் அகலம் எவ்வளவு, தரையில் எந்த இடத்தில் என்ன மேடு பள்ளம், ஒரு நாளைக்கு எத்தனை நடை. வண்டிக்கு 300 கிலோ சுமை என்றும், வழியில் உள்ள வடிகால் விளிம்பு 20 மில்லிமீட்டர் உயரம் என்றும் அளந்து வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு தானாகப் பிறக்கிறது. முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 150 கிலோ தாங்கினால், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்கள் அந்த விளிம்பில் ஏற, அச்சில் கிடையாகத் தள்ள வேண்டிய விசை சுமையைப் போல் ஏறக்குறைய 1.33 மடங்கு, அதாவது 200 கிலோ. விட்டத்தை 200 மில்லிமீட்டராக இரட்டிப்பாக்கினால் விசை 0.75 மடங்காகக் குறைகிறது. அப்போதும் 112 கிலோவுக்கு மேல், ஓர் ஆளால் தள்ள முடியாத விசை.

இந்த இடத்தில் ஆசிரியர் எதுவும் சொல்லாமல் காத்திருக்க வேண்டும். ஒரு குழு இன்னும் பெரிய சக்கரம் தேடும், இன்னொரு குழு மோட்டார் வைப்போம் என்று கிளம்பும். யாராவது ஒருவர், வடிகாலின் மேல் இருபுறமும் சரிவான ஒரு தகட்டைப் போட்டால் என்ன என்று கேட்பார். 200 மில்லிமீட்டர் நீளத்தில் 20 மில்லிமீட்டர் ஏறும் சரிவில் அதே முன்சக்கரங்களை ஏற்ற, உருளும் தடையைத் தவிர்த்துப் பார்த்தால், 15 கிலோ விசை போதும். வண்டியை வடிவமைக்கப் போன குழு, வண்டியை விட்டுவிட்டுத் தரையை மாற்றச் சொல்லும் முடிவுக்கு வருகிறது. சிக்கலின் எல்லையைத் தானே நகர்த்திப் பார்க்கும் இந்தத் துணிவு எந்த மென்பொருள் சான்றிதழிலும் கிடைக்காது. பாடத்திட்டத்தின் விசையியல் தாளில் மாணவர் ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற கணக்குதான் இது என்பதையும் கவனிக்க வேண்டும். அது தேவைப்படும் இடத்தை அவர் இப்போதுதான் சந்திக்கிறார்.

"துருப்பிடிக்கக் கூடாது" என்பதற்கும் இதே சோதனை வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று மாணவர் நினைப்பார். உப்பில் உள்ள குளோரைடு 304 வகையில் குழிக்குழியாக அரிப்பை உண்டாக்கும், 316 வகை அதை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் விலை கூடும். நாகமுலாம் பூசிய சாதாரண இரும்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது மலிவாக இருக்குமா என்பதை விலை விசாரித்து எழுதச் சொல்ல வேண்டும். விலை விசாரிப்பது வணிகவியல் மாணவர் வேலை என்ற எண்ணம் நம் வகுப்புகளில் ஆழமாக இருக்கிறது, அதை முதல் மாதத்திலேயே களைய வேண்டும்.

தேவைப்பட்டியலில் மாணவர்கள் வழக்கமாக விட்டுவிடும் வரி ஒன்று உண்டு: இது உடைந்தால் யார் மேல் விழும்? 2015 சனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றைத் தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த விபத்துக்கு யார் பொறுப்பு என்று வகுப்பில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அது ஆசிரியர் வேலை அன்று. சுவர்க் கணக்கைப் போடச் சொல்லலாம். 2 மீட்டர் உயரத் தண்ணீர் ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் சுமார் 2 டன் விசையோடு தள்ளும். உயரம் 4 மீட்டர் ஆனால் விசை 8 டன், அதாவது நான்கு மடங்கு. அடியில் சுவரைப் புரட்டும் திருப்புத்திறனோ எட்டு மடங்கு. சேறு தண்ணீரைவிடக் கனமானது என்பதால் உண்மை நிலை இதைவிடக் கடுமையாகவே இருக்கும். தொட்டியில் இன்னும் கொஞ்சம் தேக்கலாம் என்று ஒருவர் சொல்லும்போது மறுக்க வேண்டிய இடத்தில் நாளை இந்த மாணவர் இருப்பார். சுவரின் மறுபக்கம் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அவர் எழுதும் பட்டியலில் இப்போதே இடம்பெற வேண்டும்.

மின்னணுவியல் மாணவர்களுக்கும் இதே முறை பொருந்தும் என்பதால் அவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நிற்கும் மூடிய பெட்டிக்குள் அது மேலும் பல டிகிரி ஏறும். வணிகத்தர உதிரிபாகங்களுக்கு 70 டிகிரியும் தொழில்தர உதிரிபாகங்களுக்கு 85 டிகிரியும் வழக்கமான மேல் எல்லை. ஆய்வகக் குளிர்சாதன அறையில் ஓடிய சர்க்யூட்டை ஒரு முழு நாள் மொட்டை மாடியில் பெட்டியோடு வைத்து, உள்ளே வெப்பநிலையைக் குறித்து வரச் சொன்னால், உதிரிபாகத்தின் தகவல்தாளில் வெப்பநிலை எல்லை என்ற வரி எதற்காக இருக்கிறது என்பது விளங்கும்.

வரைபடமும் அதன் விலையும்

மென்பொருளைக் கடைசியில் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் கையால் வரைந்த படம், அதில் அளவுகள், அதன்பிறகே கணினி. திரையில் எல்லாம் மிகச் சரியாகப் பொருந்திவிடுவதால், உலகில் எந்தப் பாகமும் சொன்ன அளவில் அப்படியே வருவதில்லை என்ற அடிப்படை உண்மை மாணவருக்கு மறைந்துபோகிறது.

அந்த உண்மையைக் காட்ட எளிய பொருள் 6205 எண் பேரிங். கடையில் கிடைக்கும்; உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். சுழலும் ஷாஃப்டில் அதை இறுக்கமாக ஏற்ற, அளவின் எல்லைகளைச் சொல்லும் k6 என்ற தரக்குறியை எழுதினால், ஷாஃப்டின் விட்டம் 25 மில்லிமீட்டரைவிடக் குறைந்தது 2 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதிகபட்சம் 15 மைக்ரானும் கூடுதலாக இருக்க வேண்டும். பேரிங்கின் உள்விட்டம் 10 மைக்ரான் வரை குறையலாம் என்பதையும் சேர்த்தால், இறுக்கம் 2-இலிருந்து 25 மைக்ரான் வரை வரும். வெளிவளையம் அமரும் துளைக்கு H7 என்ற தரக்குறி என்றால் 52 மில்லிமீட்டருக்கு மேல் 30 மைக்ரான் வரை விடலாம். இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், கல்லூரிப் பணிமனையில் மூன்று ஷாஃப்டுகளைக் கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து, ஏற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒன்று கையால் நழுவி இறங்கும், ஒன்று தட்டினால் இறங்கும், ஒன்று பிரஸ் இல்லாமல் ஏறாது. மைக்ரான் என்றால் என்ன என்பதை உள்ளங்கை அன்றுதான் அறிந்துகொள்ளும்.

அடுத்து விலை. ஒரே பாகத்தின் வரைபடத்தை மூன்று விதமாக அச்சிட வேண்டும்: ஒன்றில் எல்லா அளவுக்கும் கூட்டல் கழித்தல் 0.5 மில்லிமீட்டர், அடுத்ததில் 0.1, மூன்றாவதில் 0.02. மூன்று குழுக்கள் அவற்றை வெவ்வேறு லேத் பட்டறைகளுக்குக் கொண்டுபோய் விலை கேட்டு வர வேண்டும். மூன்றாவது தாளைப் பார்த்த பட்டறைக்காரர் கிரைண்டிங் வேண்டும் என்பார், வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பார், சிலர் முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பயன் இல்லாத இடத்தில் எழுதிய ஒரு தசமப் புள்ளிக்கு என்ன செலவு என்பதை வகுப்பில் விளக்கத் தேவையே இருக்காது. பொருத்தம் தேவைப்படாத அளவுகளுக்குத் தனித்தனியே டாலரன்ஸ் (அனுமதிக்கப்படும் அளவு வேறுபாடு) எழுதாமல், ஐஎஸ்ஓ 2768 தரநிலையின் நடுத்தர வகுப்பைத் தாளின் அடியில் ஒரு வரியில் குறிப்பது வழக்கம். அதன்படி 30 முதல் 120 மில்லிமீட்டர் வரையுள்ள நீளங்களுக்குக் கூட்டல் கழித்தல் 0.3 அனுமதி.

துல்லியம் எல்லாத் தொழிலிலும் ஒன்றல்ல என்பதையும் காட்ட வேண்டும். ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் உருவாகும் எலக்ட்ரோஸ்டேட்டிக் பிரெசிபிடேட்டர்கள் அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரித்தெடுப்பவை. அவற்றின் தகடுகள் மிக உயரமானவை. தகட்டு வரிசைகளுக்கு இடையே சில நூறு மில்லிமீட்டர் இடைவெளிதான். அங்கே மைக்ரான் கணக்கு இல்லை; ஆனால் ஒரு தகடு சில மில்லிமீட்டர் வளைந்தாலும், அந்த இடத்தில் இடைவெளி குறைந்து முன்கூட்டியே தீப்பொறி பாய்ந்து, முழுப் பகுதியின் மின்னழுத்தத்தையும் குறைக்க வேண்டி வரும். பேரிங்குக்கு 0.01 மில்லிமீட்டர் எதற்கு, தகட்டுக்கு 5 மில்லிமீட்டர் எதற்கு என்று இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்டால், டாலரன்ஸ் என்பது வேலையின் தேவையிலிருந்து வருவது என்று மாணவர் புரிந்துகொள்வார்.

இதன் முடிவில் ஒரு மாற்றுப் பயிற்சி வேண்டும். முதல் குழுவின் வரைபடத்தை இரண்டாம் குழு பணிமனையில் செய்ய வேண்டும். செய்யும்போது வரைந்தவரிடம் எதையும் கேட்கக் கூடாது, கேட்கத் தோன்றிய கேள்விகளை மட்டும் தாளின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும். எங்கிருந்து அளப்பது, இந்தத் துளை முழுவதும் போகிறதா, இந்த விளிம்பு கூராக இருக்கலாமா என்று ஓரம் நிறைந்துவிடும். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தால் போதும், ஆசிரியர் திருத்தத் தேவையில்லை. ஒரு பொருளின் பக்கத் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் இரு முறைகளில் ஒன்றான முதற்கோண முறையில் வரைந்ததற்கான குறியீட்டை விட்டுவிட்டால், அமெரிக்க வாடிக்கையாளர் அதை மற்றொரு முறையான மூன்றாம் கோணத்தில் படித்து இடவலம் மாறிய பாகத்தைச் செய்துவிடக்கூடும் என்பதையும் இங்கேயே சொல்லலாம்.

வாராந்தர ஆய்வு

ஒவ்வொரு குழுவுக்கும் வாரம் இருபது நிமிடம் போதும், ஆனால் ஒரு வாரமும் தவறக் கூடாது. குழு ஏற்றுக்கொண்ட வழியோடு கைவிட்ட வழிகளையும் காரணத்தோடு கொண்டுவர வேண்டும். ஆய்வுக் குழுவில் பேராசிரியர் ஒருவரும் பணிமனை ஃபிட்டரோ வெல்டரோ ஒருவரும் சமமாக உட்கார வேண்டும். இது பல கல்லூரிகளில் எளிதாக நடக்காது. நாற்காலி போடுவதிலிருந்தே தயக்கம் தொடங்கும். ஆனால் இந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் எப்படிப் போகும், இந்த மூலைக்கு வெல்டிங் ராடு எப்படி எட்டும், இதை லேத்தின் பிடிப்பானான சக்கில் எங்கே பிடிப்பேன் என்று அவர் கேட்கும் மூன்று கேள்விகள், ஓர் ஆண்டுப் பாடத்தைவிட ஆழமாக இறங்கும். ஆய்வு தமிழில் நடக்கட்டும், முடிவுகளைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதட்டும். வேலைக்குச் சென்ற பிறகு மாணவர்கள் பட்டறையில் பேசப்போவதும் அலுவலகத்துக்கு எழுதப்போவதும் அப்படித்தான்.

மாற்றம் செய்யும்போது பழைய படத்தை அழிக்கவிடக் கூடாது. வரைபடத்தின் மூலையில் ஏ, பி, சி என்று திருத்த எண்ணும் தேதியும் காரணமும் ஏற வேண்டும். ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிய பொருளுக்கு இந்த வரலாறு இருக்காது என்பது இதன் உபரிப் பயன்.

மதிப்பெண்

அறிக்கையின் தடிமனுக்கும் ஸ்லைடின் நிறத்துக்கும் மதிப்பெண் விழும் வரை மேலே சொன்னது எதுவும் நிலைக்காது. தேவைப்பட்டியலுக்கு 20, மாற்று வழிகளுக்கும் கணக்குக்கும் 25, வரைபடத்துக்கு 25, செய்து சோதித்ததற்கு 20, திருத்த வரலாற்றுக்கு 10 என்று பிரித்துப் பருவத்தின் முதல் நாளே அறிவித்துவிடலாம். சோதனையில் தோற்ற பொருளுக்கும், ஏன் தோற்றது என்று அளவோடு காட்டினால் அந்த 20-இல் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவர்கள் சோதனையையே ஒப்பனை செய்துவிடுவார்கள்.

இணைவுபெற்ற கல்லூரியில் பாடத்திட்டத்தை மாற்ற முடியாது என்ற வாதம் எழும். பாடத்திட்டத்தைத் தொட வேண்டியதில்லை. அகமதிப்பீடும் திட்டப்பணியும் ஆசிரியர் கையில் இருக்கின்றன. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினரான பிறகு, என்பிஏ எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் கேட்கும் கல்லூரிகள் வடிவமைப்புத் திறனுக்குச் சான்று காட்டியே ஆக வேண்டும். திருத்த எண்கள் ஏறிய வரைபடங்களும் கேள்விகள் நிறைந்த ஓரத்தாள்களும் அதற்குப் போதிய சான்று. பொருட்செலவைக் கல்லூரியோ ஆலையோ ஏற்க வேண்டும். மாணவர் வீட்டுப் பணத்தில் செய்யச் சொன்னால், வசதியுள்ள குழுவின் பொருள் பளபளக்கும், மற்றவர்கள் காகிதத்தோடு நின்றுவிடுவார்கள்.

ஒப்படைத்த பிறகு

பொருளை ஆலையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு பெரும்பாலான திட்டப்பணிகள் முடிகின்றன. ஒரு மாதம் கழித்து அதே குழு மீண்டும் போக வேண்டும், முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. பொருள் மூலையில் கிடந்தால், எதனால் ஒதுக்கினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். பயன்பாட்டில் இருந்தால் அதை உற்றுப் பார்க்க வேண்டும்: தொழிலாளர்கள் கைப்பிடியை அறுத்துக் குட்டையாக்கியிருப்பார்கள், ஒரு கொக்கியைப் பற்றவைத்திருப்பார்கள், கூரான விளிம்பில் பழைய டியூபைச் சுற்றியிருப்பார்கள். அவற்றை அளந்து, வரைபடத்தில் அடுத்த திருத்த எண்ணோடு ஏற்றி, அந்த மாற்றத்தைச் செய்தவரின் ஒப்புதலோடு அவர் பெயரையும் காரணக் கட்டத்தில் எழுதி, ஆலைக்கு ஒரு படியும் துறைக்கு ஒரு படியும் கொடுக்க வேண்டும். அந்தத் திருத்தப் படி துறைக்கு வந்து சேர்ந்த பிறகே திட்டப்பணியின் கடைசி 10 மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றலாம்.